ஜன்னலை அடைத்தவள்

"அசைக்காமப் பிடி வேணி, கை ஆடுனா வீடியோ குதிக்கும், கைடு மேடம் அதுக்கும் ரெண்டு மார்க் கொறைப்பாங்க" என்று சொல்லித்தான் ஜெபராஜ் தன் போனை என்னிடம் கொடுத்தான். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. பீரியட் முழுக்க, நாற்பது நிமிடம், பேசக் கூடாது, இருமக் கூடாது, என் குரல் உள்ளே போய்விடும். நேற்று என் கடைசி வகுப்பை அவன் இப்படித்தான் பிடித்துத் தந்தான். இன்று அவன் முறை. நாளையோடு எங்கள் இருவருக்கும் டீச்சிங் பிராக்டிஸ் முடிகிறது, அடுத்த வாரம் கல்லூரி, அதற்கப்புறம் பரீட்சை, அப்புறம் நாங்களும் ஆசிரியர்கள். ஏழாம் வகுப்பு பி பிரிவு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. திரையில் ஒரு மனித வயிறு, சிவப்பும் மஞ்சளுமாக, குடல் நெளிகிறது, பிள்ளைகள் "ஐய்ய" என்கிறார்கள், ஜெபராஜ் "சைலன்ஸ்" என்கிறான். நான் பார்ப்பது வயிற்றை இல்லை. போனின் சின்னச் சதுரத்துக்குள் கீழ்ப்பக்கம், சரியாக நடுவில், ஒரு பின்னங்கழுத்து. இரட்டைச் சடை, இடது சடையில் ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது. காளீஸ்வரி. அந்தக் கழுத்து திரையைப் பார்க்கவில்லை. ஜெபராஜ் எங்கே நகர்கிறானோ அங்கே திரும்புகிறது, அவன் இருட்டுக்குள் போனால் நிற்கிறது, புரொஜெக்டர் வெளிச்சத்தின் ஓரத்தில் அவன் முகம் ஒரு நொடி தெரிந்தால் கழுத்து நீள்கிறது, பிறகு மறுபடி நிற்கிறது. முந்தாநாள் வரைக்கும் இதற்கு நான் வைத்திருந்த பெயர் வேறு. கவனக்குறைவு. இங்கே பார்ப்பாள், அங்கே பார்ப்பாள், போர்டைப் பார்க்க மாட்டாள். அதை அப்படியே என் பயிற்சி ரெக்கார்டு நோட்டில் எழுதியும் இருக்கிறேன், நீல மையில், கோடு போட்டு.

பதினோரு நிமிடம். வலது தோளில் வலி தொடங்கிவிட்டது, முதலில் ஊசி குத்துவதுபோல், இப்போது யாரோ கை வைத்து அமுக்குவதுபோல். வலிக்கட்டும். ஜன்னலை அடைத்தது நான்தானே. முதல் தடவை புரொஜெக்டர் போட்டபோது படம் வெளுத்துப்போய் ஒன்றுமே தெரியவில்லை, மேற்குப் பக்க வெயில் நேராகச் சுவரில் விழும். கதவெல்லாம் சாத்தியும் வெளிச்சம் வந்தது. எனக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. சைக்கிள் ஷெட்டில் கிடந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை எடுத்து வந்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று, நான்கு ஜன்னலுக்கும் ஆணி அடித்தேன். யாரோ ஒருவரின் காதுகுத்து விழா பேனர், இன்னும் ஜன்னலில் தலைகீழாகத் தொங்குகிறது. "நம்ம ட்ரெய்னிங் மிஸ் தியேட்டரே கட்டிட்டாங்க" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. தொழில்நுட்பப் பயன்பாடு, பத்து மார்க். மதிப்பீட்டுத் தாளில் தனிக் கட்டம் உண்டு. அதற்கு முந்தின வாரம் நான் நடத்திய வகுப்புக்கு எந்தக் கட்டமும் இல்லை. திண்மம், திரவம், வாயு. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். நீங்கள்தான் துகள்கள் என்றேன். திண்மம் என்றதும் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், திரவம் என்றால் கையைப் பிடித்தபடி நழுவ வேண்டும், வாயு என்றால் ஓட வேண்டும். நாற்பத்திரண்டு பேரில் ஒரு தடவைகூடத் தப்பாமல் செய்தது காளீஸ்வரி. என் கை மேலே போகும் முன்பே அவள் காலைத் தூக்கிவிடுவாள். சூடாக்குகிறேன் என்று நான் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டியதும் மற்றவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, அவள் மட்டும் இருந்த இடத்திலேயே கிடுகிடுவென நடுங்கிக் காட்டினாள். திண்மத்தில் துகள் அதிர்வது. பாடத்தில் மூன்று வரியில் இருப்பது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பி.எட். முதல் வருடப் பரீட்சையில் 'குழந்தை தன் முழு உடலாலும் கற்கிறது, விளக்குக' என்ற கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியவள் நான், பத்துக்கு ஒன்பது. எதிரிலேயே ஒரு குழந்தை முழு உடலோடு நின்று நடுங்கிக் காட்டியபோது, நல்ல ஈடுபாடு என்று ஒரு வரி குறித்துவிட்டு, மறுவாரம் அவளை இருட்டில் உட்கார வைத்தேன்.

பனி. அந்த வார்த்தையை நினைக்கக் கூடாது என்றிருக்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் பேச்சு இல்லாமல் உட்கார வைத்தால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. நீர்ச் சுழற்சி பாடம், புரொஜெக்டரில் மேகம் நகர்கிறது, நான் லேப்டாப் பக்கத்தில் நின்று கேட்டேன், "காளீஸ்வரி, எந்திரி. பனி எப்படி வருது, சொல்லு." லேப்டாப் வெளிச்சம் என் தாடைக்குக் கீழே விழுந்திருக்கும். அவள் எழுந்தாள், ஒரு நொடி யோசித்தாள், ரொம்பத் தெளிவாகச் சொன்னாள், "பியூன் அண்ணன் அடிச்சா வரும், மிஸ்." வகுப்பே வெடித்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான். நானும் சிரித்தேன், அதற்கப்புறம்தான் கோபப்பட்டேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், எல்லோரும் சிரிக்கும்போது சிரித்துவிட வேண்டும் என்று பழகிய சிரிப்பு, அது எனக்குத் திமிராகத் தெரிந்தது. பக்கத்தில் ரஹ்மத் நிஷா அவள் தொடையில் விரலால் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள், நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். ரெண்டு பேரும் எந்நேரமும் இப்படித்தான், கையும் முழங்கையுமாக ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். "ரெண்டு பேரும் சேர்ந்து கிளாஸைக் கெடுக்குறீங்களா? நிஷா முன்னாடி பெஞ்சு, நீ கடைசி பெஞ்சு. இன்னையிலருந்து." நிஷா எழுந்து நின்று, "மிஸ், நான் வேணா கடைசி பெஞ்சுக்குப் போறேன் மிஸ், அவ முன்னாடி இருக்கட்டும் மிஸ்" என்றாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வாள். எதிர்த்துப் பேசாதே என்றேன். ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் ஒரு மாணவரைப் பற்றித் தனியாள் ஆய்வு எழுத வேண்டும், எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. பிரச்சினை: கவனக்குறைவு, வேண்டுமென்றே குறும்பாகப் பதிலளித்தல். காரணம்: அருகில் அமரும் தோழி. தீர்வு: இருக்கை மாற்றம். முடிவு: மூன்று வாரங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. முன்னேற்றமா? அவள் கை தூக்குவதையே நிறுத்திவிட்டாள். அமைதியாகிவிட்டாள். அதைத்தான் முன்னேற்றம் என்று எழுதினேன். கைடு மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார், இருபதுக்குப் பதினெட்டு, ஓரத்தில் 'நன்று'.

பத்தொன்பது நிமிடம். ஜெபராஜ் இப்போது இரைப்பையில் இருக்கிறான். நன்றாகத்தான் நடத்துகிறான், குரல் கணீர் என்று கடைசிச் சுவர் வரை வருகிறது, என் காது வரை. முந்தாநாள் காலை விடுதியில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே கடைசி வகுப்புக்கு ஒத்திகை பார்த்தேன், அறைத்தோழி தூங்குகிறாளே என்று குரல் விடாமல் வெறும் வாயால். திருப்புதல் கேள்வியில் பனி வந்தது. பனி எப்படி உருவாகிறது. கண்ணாடியில் என் வாய் மணி என்றது. சீப்பு முடிக்குள் நின்றுவிட்டது. இன்னொரு தடவை சொன்னேன். பனி. மணி. பனி. மணி. ஒரே உதடு, ஒரே திறப்பு, ஒரே பல். மணி எப்படி வருது என்று கேட்டால் ஒரு பிள்ளை என்ன சொல்லும், பியூன் அண்ணன் அடித்தால் வரும். சரியான பதில். முழு மார்க் பதில். சீப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மதியம் குழாயடியில் அவள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ரெக்கார்டு நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு, மூன்றடி தூரத்திலிருந்து, "காளீஸ்வரி" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன், குழாய்க்கு அந்தப் பக்கம் நின்ற பையன்கள் எல்லோரும் திரும்பினார்கள், அவர்கள் திரும்பியதைப் பார்த்து அவளும் திரும்பினாள். நோட்டை எடுத்துவிட்டு, குரலே இல்லாமல், காற்றுகூட இல்லாமல், உதட்டால் மட்டும் கேட்டேன், சாப்பிட்டியா. "சாப்ட்டேன் மிஸ், தயிர் சோறு." என் முகத்தில் என்ன பார்த்தாளோ, டிபன் பாக்ஸ் மூடி கையிலிருந்து நழுவியது. "மிஸ், நீங்க இப்ப குரல் குடுக்கலல்ல?" என்றாள். நான் தலையாட்டினேன். "ஏதோ சத்தம்னு கேக்கும் மிஸ், பேச்சுதான் தெரியாது. சின்னதுலருந்து காதுல சீழ் வரும். அம்மாவுக்குத் தெரியும், வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கு. சொல்லிட்டா காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல, ஹாஸ்டல்ல விட்டுருவாங்களாம். நிஷா இல்லாம எனக்கு ஆவாது மிஸ். சொல்லிராதீங்க மிஸ்." என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஈரக் கை, சோப்பு வாசனை. சத்தியமா சொல்ல மாட்டேன் என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன். அவளுக்காகச் சொன்னதாகத்தான் அன்று சாயங்காலம் வரை நம்பினேன். வெளியே தெரிந்தால் முதலில் தெரிவது என் ரெக்கார்டு. பதினெட்டு மார்க். 'நன்று'.

நேற்று இன்னும் மோசம். நேற்று எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் லைட் ஸ்விட்சை அணைத்தேன். கைடு மேடம் கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுத் தாளோடு வந்து உட்கார்ந்திருந்தார், புரொஜெக்டர் எரிந்தது, கை தானாகவே ஸ்விட்ச் போர்டுக்குப் போனது, ஒரு நொடி நின்றேன், அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் யோசித்தேன், பிறகு அணைத்தேன். வெளிச்சத்தில் வந்து நின்று பேசிப் பார்த்தேன், என் நிழல் திரையில் விழுந்தது, மேடம் கையை ஆட்டித் தள்ளி நில்லுங்கள் என்றார், நின்றேன். அவ்வளவுதான் நான். கை வலி இப்போது கழுத்து வரை வந்துவிட்டது. இருபத்தேழு நிமிடம். ஜெபராஜ் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான், அவன் விரல் இருட்டில் பெஞ்சு பெஞ்சாக வருகிறது, வேண்டாம், இங்கே வேண்டாம், "லாஸ்ட் பெஞ்ச், ரெட்டைச் சடை, நீ சொல்லு. கல்லீரல் என்ன சுரக்குது?" எல்லோரும் திரும்பியதால் அவளும் புரிந்துகொண்டு எழுந்தாள். ஜெபராஜ் இருட்டுக்குள் நிற்கிறான், முகமே இல்லை. அவள் கழுத்து இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. போனுக்கு மேலே என் முகத்தைத் தேடினாள். என் முகமும் இருட்டு. நான் வாயைத் திறந்தேன், எதற்குத் திறந்தேன் தெரியவில்லை, மூடிக்கொண்டேன். வகுப்பில் சிரிப்பு கிளம்பியது, முதலில் ஒருவன், பிறகு நாலைந்து பேர். அப்போது முன் பெஞ்சில் ஒரு தலை எழுந்தது. நிஷா. முட்டி போட்டு பெஞ்சின் மேல் ஏறி, சரியாக புரொஜெக்டர் வெளிச்சம் விழும் இடத்தில் முகத்தை வைத்துத் திரும்பி நின்றாள். அவள் கன்னத்தில் பாதிக் கல்லீரல் தெரிந்தது, நெற்றியில் மஞ்சள். கண் கூசக் கூச இமைக்காமல் நின்று, சத்தமில்லாமல், கேள்வியைத்தான் சொன்னாள். பதிலை இல்லை. கல்லீரல் என்ன சுரக்குது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. காளீஸ்வரி அதைப் பார்த்தாள். "பித்தநீர், சார்" என்றாள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. வீட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறாள், கேள்விதான் அவளுக்கு வந்து சேரவில்லை, இத்தனை நாளும் கேள்விதான் வந்து சேரவில்லை. "யாரது பெஞ்சு மேல? ஸ்கிரீனை மறைக்காத, எறங்கு" என்று ஜெபராஜ் அதட்டினான். நிஷா இறங்கினாள். போன் என் கையில் ஒரு இம்மிகூட அசையவில்லை. எல்லாம் பதிவாகியிருக்கிறது.

மணி அடித்ததும் பிள்ளைகள் இடைவேளைக்கு ஓடினார்கள். ஜெபராஜ் போனை வாங்கி ஓட்டிப் பார்த்தான். "சூப்பரா வந்திருக்கு வேணி. இந்தப் பிள்ளைங்க பண்ணுன கூத்து மட்டும் கட் பண்ணிரலாம்" என்றான். கட் பண்ணாதே என்றேன். "ஏன்?" "அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது ஜெபா." சொல்லி முடித்த பிறகுதான் நான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அவன் முகம் மாறியது, "அய்யய்யோ, நான் பாட்டுக்கு எழுப்பி விட்டுட்டேனே. ஒனக்கு எப்பத் தெரியும்?" முந்தாநாள் என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். கை இரண்டும் தொங்கின, சொந்தக் கைபோல இல்லை. இன்னும் திரும்பிவிடலாம். சத்தியம் செய்திருக்கிறேன். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு செய்த சத்தியம். இதை உடைப்பதும் துரோகம்தான், காப்பாற்றினால் அது அதைவிடப் பெரிய துரோகம், ஆனால் அப்படிக் கணக்குப் பார்க்கிற தகுதி எனக்கு எப்போது வந்தது, இப்போதுகூட என் நெஞ்சு பாரம் இறங்குவதற்காகத்தான் போகிறேனோ, அவளுக்காகப் போகிறேனோ, நடந்துகொண்டே யோசித்ததில் தலைமையாசிரியை அறை வாசல் வந்துவிட்டது.

எச்.எம். மேடம் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். கண்ணெடுக்காமல், "சொல்லும்மா, ரிலீவிங் லெட்டரா?" என்றார். "இல்லை மேடம். ஏழு பி காளீஸ்வரி. அவளுக்குக் காது சரியாக் கேக்காது. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குறா." அவர் கை விசைப்பலகையில் நின்றது. நாற்காலியைத் திருப்பி, உட்கார் என்றார். நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மைதானம், வேப்பமரத்து அடியில் காளீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான் இந்த அறைக்குள் வருவதைப் பார்த்திருக்கிறாள். இருபதடி இருக்கும், அவளுக்கு அது ஒரு தூரமே இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டால் போதும். "எப்பத் தெரிஞ்சது?" என்றார் மேடம். நான் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினேன், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "முந்தாநாள் மேடம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். இப்ப அதை மீறித்தான் சொல்றேன். அவளைக் கடைசி பெஞ்சுல போட்டது நான். நிஷாவப் பிரிச்சது நான். ஜன்னலை அடைச்சது நான். முன்னேற்றம்னு பொய் எழுதி மார்க் வாங்கிருக்கேன். நேத்து தெரிஞ்சே லைட்டை அணைச்சேன்." "முந்தாநாளே வந்திருக்கணும்" என்றார் மேடம், கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மூணு வருஷமா எங்க பள்ளிக்கூடத்துல படிக்குது. எங்க கண்ணுக்கும் படலையே." பிறகு போனை எடுத்து அவளுடைய அம்மாவை நாளைக்கு வரச் சொன்னார். ஹாஸ்டலுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். "எதுக்கு அனுப்பணும்? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம். நான் கூடப் போறேன். நிஷாவையும் அவளையும் முன் பெஞ்சுல உக்கார வை, இப்பவே. அந்த பேனரையெல்லாம் கழட்டிரு. ஒன் ரெக்கார்டு விஷயத்தை ஒன் காலேஜ்ல நீயே சொல்லிக்கோ, நான் சொல்ல மாட்டேன்." ஹாஸ்டல் இல்லை என்று அவர் சொன்னபோது அவருடைய முதுகுதான் ஜன்னல் பக்கம் இருந்தது. நான் எழுந்து பார்ப்பதற்குள் மரத்தடியில் அவள் இல்லை.

படியிறங்கி ஓடினேன். வகுப்புக்குப் போகும் வழியில் நிஷாவும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். ஹாஸ்டல் இல்லை, எங்கேயும் போக வேண்டாம், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. காளீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். என் வாயைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் போதும், என்னால் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது, அது அவளுக்குத் தெரியும். குனிந்த தலையோடு என்னைத் தாண்டிப் போனாள். அந்த முதுகைப் பார்த்து, "ஹாஸ்டல் இல்லைம்மா. யாரும் ஒன்னை எங்கயும் அனுப்பல" என்றேன். நிஷா திரும்பிப் பார்த்தாள். உடனே அவள் விரல்கள் காளீஸ்வரியின் உள்ளங்கைக்குள் வேகமாக ஓடின, காளீஸ்வரியின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. நடை நிற்கவில்லை. "என்னை மன்னிச்சிரு" என்றேன். நிஷா மறுபடியும் திரும்பினாள். இந்தத் தடவை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் விரல் அசையவில்லை.